நரம்பு உயிரணுக்கள் தம் பருமனைக் காத்துக்கொள்ளும் விதம்

வடுமாங்காயை உப்பிலிட்டு இரண்டு நாள் வைத்தால் அது நீர் விட்டுத் தோல் சுருங்குகின்றது. உலர்ந்த திராட்சையை ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் மறுநாள் காலையில் அது பருத்துக் காணப்படுகின்றது. இவ்விரு காட்சிகளுக்கும் காரணம் ஒன்றே. உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு நீரை ஓரளவு எளிதில் செல்லவிடுகின்றது. நீரில் கரைந்துள்ள உப்பு, சர்க்கரை முதலியவற்றை அவ்வாறு விடுவதில்லை. ஆதலால் கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்கின்றது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். 1748-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரான நொலே என்பவர், சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி நீரில் அமிழ்த்தியபோது, அத்தோல் உப்பி எழுந்ததைக் கண்டு பதிவு செய்தார். அன்று முதல் இந்நிகழ்ச்சி ஆராயப்பட்டு வருகின்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் அதிகச் செலவின்றிக் காட்டலாம். ஒரு கோழி முட்டையை வினிகர் எனப்படும் காடியில் ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டால் ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டும் எஞ்சும். அதனை எடைபோட்டு நல்ல நீரில் இட்டு, மறுநாள் மீண்டும் எடைபோட்டால் எடை கூடியிருக்கும். பின்னர்க் கெட்டியான சர்க்கரைப் பாகில் இட்டால் நீர் வெளியேறித் துவண்டு போகும். இச்சோதனையை இத்துடன் முடித்துவிடாமல் மாணவர்களிடம் ஒரு வினாவை எழுப்புதல் நலம். முட்டை நீரில் கிடக்கும்வரை உப்பிய நிலையிலேயே கிடக்கின்றது. உயிருள்ள அணுவோ, உப்பிய சில நிமிடங்களிலேயே தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கின்றது. இஃது எவ்வாறு இயலுகின்றது? மூளையிலுள்ள நரம்பணுக்களைப் பொறுத்தவரை இவ்வினா உயிர் காக்கும் வினாவாகவே அமைந்துள்ளது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கரைசலைக் கலந்து கொடுப்பவரும், வெயிலில் உழைப்போருக்குக் குடிநீர் பற்றி அறிவுரை கூறுபவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதில் அடங்கியுள்ளது.

மண்டையோட்டிற்குள் நெருக்கடி

நமது இரத்தத்தில் ஒரு கிலோ நீருக்கு 285 முதல் 295 மில்லி ஆஸ்மோல் வரை கரைபொருள்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பகுதி சோடியமும் குளோரைடுமே. சவ்வின் இரு பக்கங்களிலும் ஒரே ஒரு மில்லி ஆஸ்மோல் வேறுபாடு தோன்றினாலும் 19 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் உண்டாகும். பத்து மில்லி ஆஸ்மோல் வேறுபட்டால் அவ்வழுத்தம் 190 மில்லிமீட்டர் ஆகின்றது. இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும் அழுத்தமே 120 மில்லிமீட்டர் அளவுதான் என்பதை நினைவிற் கொண்டால் இதன் வலிமை விளங்கும். தாவர அணுக்களுக்கு உறுதியான சுவர் உண்டு. அவை இவ்வழுத்தத்தைத் தாங்கி நிற்கும். விலங்கு அணுவின் சவ்வோ மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்பே உடையது. அதனால் எதிர்த்து நிற்க இயலாது. நீர் உள்ளே வரும், அணு உப்பும். அல்லது நீர் வெளியேறும், அணு சுருங்கும்.

காலில் வீக்கம் ஏற்பட்டால் தோல் சிறிது இடங்கொடுக்கின்றது. மூளைக்கு அவ்வசதி இல்லை. மண்டையோட்டிற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் நெருங்கி அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தே ஆகவேண்டும். எடின்பரோ நகரத்து மருத்துவ அறிஞர் அலெக்சாண்டர் மன்றோ 1783-ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை வெளியிட்டார். மூளை நூற்றுக்குச் சில பங்கு பருத்தாலே உள்ளழுத்தம் உயர்ந்து, இரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்குகின்றது. மேலும், மூளையின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியாகும். அணுக்கள் உப்பினால் முதலில் குறுகுவது இவ்விடைவெளியே. அவ்வாறு குறுகும்போது அங்குள்ள பொட்டாசியம் செறிவடைகின்றது. அருகருகே உள்ள நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவது எளிதாகின்றது. இரத்தத்தில் உப்பு திடீரெனக் குறைந்த நோயாளிக்கு வலிப்பு உண்டாவதற்கு இஃது ஒரு முக்கிய காரணம்.

ஓயாது இறைக்கும் விசை

வெளியே எவ்வித மாற்றமும் இல்லாத அமைதியான நிலையிலும் நரம்பணு உப்பிப்போகும் ஆபத்தில்தான் இருந்து வருகின்றது. இது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அணுவின் உள்ளே புரதங்களும் பாஸ்பேட்டுச் சேர்மங்களும் உள்ளன. அவற்றால் வெளியேற இயலாது. அவை எதிர் மின்னூட்டமும் பெற்றவை. அவை இருப்பதனாலேயே வெளியிலுள்ள உப்புக்கள் சிறிது சிறிதாகக் கசிந்து உள்ளே வருகின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் வருகின்றது. ஓட்டைப் படகில் செல்பவன் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, அணுவும் கசிந்த சோடியத்தை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்த இறைப்புக் கருவியைக் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ. கடற்கரை நண்டின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து, 1957-ஆம் ஆண்டில் அவர் தமது முடிவை வெளியிட்டார். இக்கருவி சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதம். அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்னும் ஆற்றல் மிக்க பொருளின் ஒரு மூலக்கூற்றைச் செலவிட்டு, அது மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கின்றது. ஸ்கோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997-ஆம் ஆண்டில். நண்டு நரம்பின் பெருமையை உலகம் ஏற்க நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நம் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றற் செலவில் நூற்றுக்கு 20 பங்கைப் பெறுகின்றது. அதில் மிகப் பெரும்பகுதி இவ்விறைப்புக்கே செலவாகின்றது. மூளை இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் நேரும்போது பிராணவாயு கிடைப்பதில்லை, இறைப்பு நின்றுவிடுகின்றது, சில நிமிடங்களில் அணுக்கள் உப்பத் தொடங்குகின்றன. இவ்விதம் அணுக்களுக்குள்ளேயே தோன்றும் வீக்கத்தை, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் தோன்றும் வீக்கத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டியவர் இகோர் கிளாட்சோ, ஆண்டு 1967. சோடியம் மட்டும் நுழைந்தால் நரம்பணு பெரிதாக உப்புவதில்லை என்பதும், உடன் குளோரைடும் நுழைந்தால்தான் உப்புகின்றது என்பதும் 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயின. குளோரைடு நுழையும் வழியைத் தடுத்தபோது நரம்பணுக்களின் வீக்கமும் சாவும் குறைந்தன.

உப்பே மொழியாக இருப்பதன் தொல்லை

உடலின் பிற அணுக்கள் நீரால் உப்பும்போது என்ன செய்கின்றன என்பதை முதலில் காண்போம். சவ்விலுள்ள சில வாயில்கள் திறக்கின்றன. அவற்றின் வழியாகப் பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறுகின்றன. கரைபொருள் குறையவே, நீரும் பின்தொடர்ந்து வெளியேறுகின்றது. சில நிமிடங்களில் அணு பெரும்பாலும் பழைய அளவை அடைகின்றது. அணு சுருங்கினால் இதற்கு எதிரானது நிகழும். சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் ஒருங்கே உள்ளிழுக்கும் புரதம் விரைந்து வேலை செய்ய, நீரும் உள்ளே திரும்புகின்றது. வீக்கத்தால் திறக்கும் குளோரைடு வாயில் இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும் அது எந்தப் புரதத்தால் ஆனது என்பது விளங்காமலே இருந்தது. 2014-ஆம் ஆண்டில் பெர்லின் நகரிலும் கலிபோர்னியாவிலும் இருந்த இரு குழுவினர் தனித்தனியே அதனைக் கண்டுபிடித்தனர். கலிபோர்னியக் குழுவின் தலைவர் ஆர்டெம் பட்டபூட்டியன், தொடு உணர்வு பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக 2021-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

நரம்பணுவுக்கும் இவ்வாயில்கள் உண்டு. ஆனால் பிற அணுக்களைப்போல அவற்றைத் தாராளமாகத் திறந்துவிட அதனால் இயலாது. ஏனெனில் நரம்பணு பேசுவதே இவ்வுப்புக்களின் வாயிலாகத்தான். சோடியம் உட்புகுவதும் பொட்டாசியம் வெளிவருவதுமே நரம்புத் துடிப்பு ஆகும். மூளையின் இடைவெளி நீரில் லிட்டருக்கு 3 மில்லி மோல் அளவே பொட்டாசியம் உள்ளது. அணுவின் உள்ளே 140 மில்லி மோலுக்கு அருகில் உள்ளது. பருமனைக் குறைப்பதற்காக ஓர் அணு தன் பொட்டாசியத்தில் சிறு பங்கை வெளியே கொட்டினாலும், குறுகிய அவ்விடைவெளியில் அதன் அளவு பன்மடங்கு உயர்ந்து, அண்டை அணுக்கள் கட்டின்றித் துடிக்கத் தொடங்கும். குளோரைடின் நிலையும் இத்தகையதே. வளர்ந்த நரம்பணு தன்னுள் குளோரைடை மிகக் குறைவாக வைத்திருக்கின்றது. காபா எனப்படும் பொருள் வந்து தட்டும்போது குளோரைடு உள்ளே பாய்ந்து அணுவை அமைதிப்படுத்துவது அக்குறைவினால்தான். சுருக்கத்தைச் சரிசெய்ய அணு குளோரைடை உள்ளே நிரப்பிக்கொண்டால் அடங்கு என்னும் கட்டளையே வலுவிழந்து போகும். பஞ்ச காலத்தில் விதைநெல்லைச் சோற்றுக்கு எடுப்பது போன்ற நிலை இது. வயிறு நிரம்பும், வயல் தரிசாகும்.

இந்த இக்கட்டிலிருந்து நரம்பணு எவ்வாறு தப்புகின்றது? நீர் விரைந்து நுழையாதவாறு தடுத்துக்கொள்வது முதல் வழி. உப்பைத் தொடாமல் வேறு கரைபொருள்களைக் கொண்டு கணக்கைச் சரிசெய்வது மற்றொன்று.

நீருக்குக் கதவு இல்லாத அணு

சவ்வின் ஊடே நீர் தானாகக் கசியும் அளவு மிகச் சிறிது. விரைவாகச் செல்ல அதற்குத் தனி வாயில் வேண்டும். அத்தகைய வாயிற் புரதத்தை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீட்டர் ஆகர் இரத்தச் சிவப்பணுக்களில் கண்டறிந்தார். 1992-ஆம் ஆண்டில் நடத்திய சோதனை எளிமையும் அழகும் வாய்ந்தது. தவளையின் முட்டையணுக்கள் சிலவற்றில் இப்புரதம் உண்டாகுமாறு செய்து, சிலவற்றை இயல்பாகவே விட்டு, எல்லாவற்றையும் உப்புக் குறைந்த நீரில் இட்டனர். புரதம் பெற்றவை விரைவில் உப்பி வெடித்தன, பெறாதவை அசையாதிருந்தன. அப்புரதத்திற்கு அக்வாபோரின் என்று பெயர். ஆகர் 2003-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூளைப் புறணியின் பெரிய நரம்பணுக்கள் அக்வாபோரின் பெறாத தவளை முட்டையை ஒத்தவை எனத் தோன்றுகின்றது. 2007-ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், உயிருள்ள மூளைத் துண்டுகளில் இவ்வணுக்களை நுண்ணோக்கியின் மூலம் நேரில் கண்காணித்தனர். சுற்றியுள்ள நீரின் செறிவைத் திடீரெனக் குறைத்தபோதும் கூட்டியபோதும் அவை தம் பருமனைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆய்வகத் தட்டில் தனித்து வளர்க்கப்பட்ட நரம்பணுக்கள் அவ்வாறு நடந்துகொள்வதில்லை; அவை உப்பி, பின்னர் மீள்கின்றன. தட்டில் வளர்ந்த அணுவையும் தன் கூட்டத்தின் நடுவே வாழும் அணுவையும் ஒன்றாக எண்ணலாகாது என்பதே இவ்வேறுபாட்டிலிருந்து பெறத்தக்க கருத்தென இக்கட்டுரையாளர் கருதுகின்றார்.

அவ்வாறாயின் மூளைக்குள் வரும் நீர் எங்கே செல்கின்றது? நரம்பணுக்களுக்குத் துணையாக நிற்கும் கிளையா அணுக்களுக்குச் செல்கின்றது. கிளையா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்பணுக்களை ஒட்டவைக்கும் பசையே இவை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணியதால் இப்பெயர் ஏற்பட்டது. இவற்றின் பணிகளை அறிந்தபின்னும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. விண்மீன் வடிவமுடைய கிளையா அணுக்கள் இரத்தக் குழாய்களைத் தம் பாதங்களால் சுற்றித் தழுவி நிற்கின்றன. அப்பாதங்களில் அக்வாபோரின் செறிந்து கிடக்கின்றது. உப்புக் குறைந்த நீர் வந்தால் முதலில் உப்புவது இவையே. இடைவெளியில் மிகும் பொட்டாசியத்தை உறிஞ்சி அப்புறப்படுத்துபவையும் இவையே. இவ்வாயில் இரு முனையும் கூரான கருவி என்பதையும் கூறவேண்டும். இவ்வகை அக்வாபோரின் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு அளவுக்கு மீறி நீர் ஏற்றியபோது அவற்றின் மூளை பிற எலிகளினுடையதைவிடக் குறைவாகவே வீங்கியது, பிழைத்தவையும் மிகுதி. இது 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு.

உப்புவதையும் சுருங்குவதையும் அறிவிக்கும் காவலர்

பருமனைக் காத்துக்கொள்ளும் முயற்சியையே கைவிட்ட நரம்பணுக்களும் மூளையில் உண்டு. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அவை அமைந்துள்ளன. இரத்தத்தின் செறிவைப் பொறுத்து நீர் கழிவதைக் கட்டுப்படுத்தும் உணர் கருவி மூளையில் இருத்தல் வேண்டும் என்பதை ஆங்கில அறிஞர் வெர்னி நாய்களைக் கொண்டு ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டில் நிறுவினார். மூளைக்குச் செல்லும் தமனியில் செறிந்த உப்பு நீரைச் சிறிதளவு செலுத்தியவுடன் நாயின் சிறுநீர் குறைந்தது. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் இவ்வுணர் அணுக்களின் தனித்தன்மை புலனாயிற்று. மூளையின் பிற பகுதியிலிருந்து எடுத்த நரம்பணுக்கள் உப்பிய பின்னும் சுருங்கிய பின்னும் பழைய அளவுக்கு மீண்டன. இவையோ செறிவு மாறிய அளவுக்கு மாறி, அப்படியே நின்றன. காரணம் எளிதில் விளங்கும். தராசு தன்னைத் தானே சரிசெய்துகொண்டால் எடை காட்டுவது எங்ஙனம்?

இவ்வணுக்கள் சுருங்கும்போது சவ்விலுள்ள சில வாயில்கள் திறந்து அணு துடிக்கின்றது. அதனால் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலக்கின்றது. சிறுநீரகம் நீரைத் தேக்குகின்றது. செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாறினாலே இவை உணர்ந்துவிடும். ஆனால் குமட்டல், கடும் வலி, அறுவைச் சிகிச்சை, நீடித்த உடலுழைப்பு ஆகிய நிலைகளில், செறிவு கூடாதபோதும் வாசோபிரசின் சுரக்கக்கூடும். அந்நேரத்தில் வெறும் நீரை மட்டும் மிகுதியாக உட்கொண்டால் அது வெளியேறாமல் உடலில் தங்கி, இரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கின்றது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் நகர நெடுந்தூர ஓட்டத்தின் முடிவில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பு நிலைக்குக் கீழே இருந்தது. வெயிலில் உழைப்போர் நீர் அருந்தலாகாது என்று இதற்குப் பொருள் அன்று; நம் நாட்டுக் கோடையில் நீர்க்குறைவே பெரும் அபாயம். வியர்வையில் உப்பும் போகின்றது என்பதால், தாகத்திற்கேற்ப நீர் அருந்துவதுடன் உப்பிட்ட கஞ்சி, மோர் முதலியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து.

நாட்கணக்கில் நடக்கும் திருத்தம்

இரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி மோல். இது சில மணி நேரத்தில் 120 அளவுக்கு இறங்கினால் தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு எனத் தொடர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆனால் பல நாட்களில் மெல்ல மெல்ல இறங்கி 115 அளவில் நிற்கும் முதியவர் ஒருவர், சிறிது சோர்வும் தள்ளாட்டமும் அன்றி வேறு குறையின்றி நடமாடுவதும் உண்டு. அளவு இன்னும் கீழே, தொல்லையோ குறைவு. இம்முரண்பாட்டின் விடை மேலே கூறிய மற்றொரு வழியில் உள்ளது.

மூளையணுக்களில் உப்புக்கள் மட்டுமன்றி டாரின், இனாசிட்டால், கிரியாட்டின், குளூட்டமின், குளூட்டமேட்டு முதலிய கரிமப் பொருள்களும் கரைந்துள்ளன. அவற்றுள் டாரின், இனாசிட்டால் போன்றவை கூடினாலும் குறைந்தாலும் நரம்புத் துடிப்பு அவ்வளவாகக் கெடுவதில்லை. குளூட்டமேட்டு இதற்கு விலக்கு; அது நரம்பணுவைத் தூண்டும் பொருள். ஆதலால் கிளையா அணுக்கள் அதனை விரைந்து அகற்றிக்கொண்டே இருக்கின்றன. சோடியம் குறைந்த முதல் சில மணி நேரத்தில் மூளை தன் உப்புக்களில் ஒரு பகுதியை இழந்து நிலைமையைச் சமாளிக்கின்றது. பின்னர் கரிமப் பொருள்கள் வெளியேறுகின்றன. ஏறத்தாழ 48 மணி நேரத்தில் மூளையின் நீர் அளவு இயல்பை நெருங்கிவிடுகின்றது. வெளியே உப்பு குறைவாகவே இருக்க, உள்ளேயும் கரைபொருள் குறைந்து, இரு பக்கமும் சமநிலை ஏற்படுகின்றது.

இச்சமநிலையிலேயே அடுத்த ஆபத்து ஒளிந்திருக்கின்றது. வெளியேற்றிய பொருளை மீண்டும் சேர்ப்பது எளிதன்று. அதற்குரிய மரபணுக்கள் செயற்படவேண்டும். பொருள்களை உள்ளிழுக்கும் புதிய புரதங்கள் உருவாகவேண்டும். இழந்தவை முழுவதும் திரும்ப ஐந்து நாட்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. இந்நிலையில் மருத்துவர் நல்லெண்ணத்துடன் செறிந்த உப்பு நீரை ஏற்றி, சோடியத்தை ஒரே நாளில் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும்? இரத்தம் செறிவடைகின்றது, மூளையணுக்களில் ஈடுகொடுக்கும் கரைபொருள் இல்லை, அவை சுருங்குகின்றன.

1959-ஆம் ஆண்டில் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், மதுப்பழக்கமும் ஊட்டக்குறைவும் உடைய சிலரிடம் ஒரு புதிய நோயைக் கண்டு விவரித்தனர். மூளைத் தண்டின் நடுப்பகுதியில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்திருந்தது. நரம்பணுக்களும் இழைகளும் பெரும்பாலும் சேதமின்றி இருந்தன. நோயாளிகள் கைகால் செயலிழந்து, பேசவும் விழுங்கவும் இயலாதவர்களாயினர். காரணம் நெடுநாள் புலப்படவில்லை. தாழ்ந்த சோடியத்தை மிக விரைவில் உயர்த்துவதே இதற்குக் காரணம் என்பது 1980-களில் விலங்குச் சோதனைகளாலும் நோயாளிகளின் வரலாறுகளாலும் உறுதிப்பட்டது. மயலின் உறையை உண்டாக்கிப் பேணுபவையும் கிளையா வகை அணுக்களே. நரம்பணுவுக்காக நீரின் சுமையை ஏற்கும் இனத்தைச் சேர்ந்தவையே இங்கும் அடிபடுகின்றன. கொடுமை என்னவெனில், சிகிச்சைக்குப் பின் நோயாளி முதலில் தெளிவடைகின்றார்; இரண்டு முதல் ஆறு நாள் கழித்தே இக்குறிகள் தோன்றுகின்றன.

ஆகவே, நாட்பட்ட சோடியக் குறைவைத் திருத்தும்போது 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லி மோலுக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவ விதியாக உள்ளது. சில மணி நேரத்தில் தோன்றி வலிப்பில் கொண்டுவிட்ட குறைவுக்கு இவ்விதி அவ்வாறே பொருந்தாது. அங்கு மூளை இன்னும் தன் கரைபொருள்களை இழக்கவில்லை. முதற்சில மில்லி மோல்களை விரைந்து உயர்த்துவதே உயிர் காக்கும். குறைவு எத்தனை நாளாக உள்ளது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் வினா. நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பும் களப் பணியாளர், வாந்தியும் சோர்வும் எப்போது தொடங்கின, எவ்வளவு நீர் அருந்தினார், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்கின்றாரா என்பனவற்றைக் கேட்டு எழுதி அனுப்பினால், அச்சிறு குறிப்பு சிகிச்சையின் போக்கையே நிர்ணயிக்கக்கூடும்.

ஒரு லிட்டர் பொட்டலம்

உப்பு மிகுவதனாலும் இதே கதை தலைகீழாக நிகழ்கின்றது. வயிற்றுப்போக்கு கண்ட கைக்குழந்தை நீரை இழக்கின்றது. அதற்கு அளவுக்கு மீறிய உப்புக் கலந்த கரைசலைக் கொடுத்தால் இரத்தத்தின் சோடியம் உயர்ந்து மூளை சுருங்குகின்றது. மண்டையோட்டின் உட்புறத்தையும் மூளையையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் இழுபட்டு அறுந்து குருதி கசியலாம். சில நாள் சென்றால் மூளையணுக்கள் டாரின், இனாசிட்டால் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு பருமனை மீட்கின்றன. அப்போது எவரேனும் அவசரப்பட்டு உப்பில்லா நீரை விரைந்து ஏற்றினால், சேர்த்துவைத்த பொருள்களால் நீர் இழுக்கப்பட்டு மூளை வீங்கி வலிப்பு உண்டாகின்றது. இங்கும் திருத்தம் மெல்லவே நடைபெறவேண்டும்.

வாய்வழியாகக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை 1971-ஆம் ஆண்டில் பங்களாதேச அகதிகள் தங்கியிருந்த வனகாவ் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் நிறுவிக் காட்டினார் என்பது நம் களப் பணியாளர் நன்கு அறிந்த வரலாறு. பல ஆண்டுகள் வழங்கிவந்த கரைசலில் லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல் இருந்தது. 2002-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் இதனை 245 ஆகக் குறைத்தன. சோடியமும் 90-லிருந்து 75 மில்லி மோல் ஆயிற்று. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட்டு 2.9 கிராம், ஆக 20.5 கிராம் உள்ளது. இரத்தத்தைவிடச் சிறிது நீர்த்த கரைசல் கிடைக்கும்படி, ஒரு லிட்டர் நீருக்கென்றே இவ்வளவு கணக்கிடப்பட்டது.

அதே பொட்டலத்தை அரை லிட்டர் நீரில் கலந்தால் செறிவு 490 ஆகின்றது. 200 மில்லி லிட்டர் கொள்ளும் குவளையில் கொட்டிக் கலந்தால் 1,225. குழந்தை சிறிதளவே குடிக்கும் என்று எண்ணிப் பொட்டலத்தைச் சிறு குவளையில் கலப்பது தவறு. கெட்டியாக இருந்தால் வலு அதிகம் என்ற எண்ணமும் தவறு. மறுபுறம், சிக்கனம் கருதி இரண்டு லிட்டரில் கலந்தால் செறிவு 122 அளவுக்கு இறங்கி, இழந்த உப்புக்கு ஈடு கிடைப்பதில்லை. 200 மில்லி லிட்டருக்கென்றே தயாரித்த சிறு பொட்டலங்களும் வழக்கில் இருப்பதால், உறையில் அச்சிட்டுள்ள அளவைப் படித்துப் பார்த்தே கலக்கவேண்டும். வீட்டில் அளவு பாத்திரம் இல்லையெனில், ஒரு லிட்டர் என அச்சிட்ட தூய புட்டி ஒன்றைத் தாயின் கையில் கொடுத்து, அவர் கண்முன் ஒருமுறை கலந்து காட்டி, அடுத்த முறை அவரையே கலக்கச் சொல்லிப் பார்த்தல் நன்று. எழுதிக் கொடுத்த அறிவுரை மறந்துபோகும். கையால் செய்தது மறப்பதில்லை. அளவு தவறி முன்பே கொடுக்கப்பட்டிருந்து, குழந்தை மிகுந்த எரிச்சலோடு வீறிட்டு அழுதாலும், உணர்வு மங்கினாலும், வலிப்புக் கண்டாலும், வீட்டில் வெறும் நீரைப் புகட்டிச் சரிசெய்ய முயலாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். எந்த அளவில் கலந்து எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும் உடன் எழுதி அனுப்பவேண்டும்.